ஐஸ்காரன் வீட்டு மருந்து

ஏப்ரல் 4, சனி

டெல்பின், இந்த நோட்டு உனக்காகத்தான். சர்க்கரை அளவை எழுதிவைக்க ஒரு நோட்டு போடச் சொன்னார்கள் ஆஸ்பத்திரியில். நீ போனில், "வெறும் நம்பர எழுதாதீங்க. என்ன சாப்ட்டா, எப்படி இருந்தா, அழுதாளா, எல்லாத்தையும் எழுதி வைங்க. நான் வந்து படிப்பேன்" என்றாய். குவைத்திலிருந்து விமானம் எப்போது விடுவார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. அதற்குள் நோட்டு நிறைந்துவிடும் போலிருக்கிறது. நான் ஐஸ் கம்பெனி லாக் புத்தகத்தில் அம்மோனியா பிரஷர் எழுதிப் பழகியவன். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

மதியம் பெனிட்டாவை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் ஆகிவிட்டது. மூச்சு வாங்குகிறது என்று முதலில் அவளைக் கொரோனாக்காரர்களோடு போட்டார்கள். மறுநாள்தான் ரத்தம் பார்த்துச் சர்க்கரை என்றார்கள். பத்து வயதுப் பிள்ளைக்குச் சர்க்கரை வியாதி என்றால் எவன் நம்புவான்? "எங்க ரெண்டு குடும்பத்துலயும் யாருக்கும் கிடையாதே" என்று சண்டை போடுகிற மாதிரிதான் கேட்டேன். டாக்டரம்மா பொறுமையாக, "இது வேற வகை. இவ உடம்புல இன்சுலின் சுரக்கல. இனி ஊசிலதான் குடுக்கணும். விட்டீங்கன்னா உசுருக்கே ஆபத்து" என்றார். காலையில் பத்து யூனிட், ராத்திரி ஆறு யூனிட். எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். அவர் பெனிட்டாவின் தலையைத் தடவினார்.

சிஸ்டர் மாரிக்கனி எலுமிச்சம்பழத்தில் ஊசி குத்தக் கற்றுக்கொடுத்தார். கிளம்பும்போது மருந்தை எப்படிப் பாதுகாப்பது என்று ஆரம்பித்தார். ஃப்ரிட்ஜ் கதவுப் பக்கம், ஃப்ரீசர், மண்பானை என்று ஏதேதோ சொல்லிக்கொண்டு போனார். நம் வீட்டில்தான் ஃப்ரிட்ஜே கிடையாதே. "சிஸ்டர், நான் இருவது வருசமா ஐஸ் கம்பெனில ஆப்பரேட்டரு. குளிர்ச்சியப் பத்தி எனக்கா சொல்லுதீங்க?" என்றேன். கொல்லன் தெருவில் ஊசி விற்க வந்த கதைதான். அவரும் சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். வரிசையில் பதினைந்து பேர் நின்றார்கள்.

இரண்டு குப்பி மருந்து. பாலிதீனில் சுற்றி, சின்ன தெர்மகோல் பெட்டியில் நொறுக்கின ஐஸ் போட்டு வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 5, ஞாயிறு

காலை 214.

குருத்து ஞாயிறு. கோயில் பூட்டிக் கிடக்கிறது. வீட்டில் முதல் ஊசி. அவள் சட்டையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள், என் கை மூன்று தடவை ஊசியோடு போய்த் திரும்பி வருகிறது. முந்நூறு பார் ஐஸை ஒரே நாளில் இறக்குகிற கை.

"எப்பா, நீங்க கண்ண மூடாதீங்க. நான் மூடிக்கிடுதேன்" என்றாள்.

குத்திவிட்டேன். அழவில்லை. நான் பின்வாசலுக்குப் போய்ச் சும்மா ஒரு வாளித் தண்ணீர் இறைத்து ஊற்றிவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 8, புதன்

காலை 168. ராத்திரி 155.

நல்ல நம்பர். நீ "கர்த்தருக்குத் தோத்திரம்" என்று மூன்று முறை அனுப்பியிருந்தாய். கர்த்தரோடு உன் புருஷனுக்கும் ஒரு தோத்திரம் சொல்லலாம். நேற்று கேழ்வரகு தோசை. கல்லில் ஒட்டிக்கொண்டு வர மாட்டேன் என்றது. பெனிட்டா அதைச் சுரண்டிச் சுரண்டித் தின்றுவிட்டு, "எப்பா, இத மிக்சர்னு சொல்லி விக்கலாம்" என்கிறாள். இன்றைக்குச் சாளை மீன் குழம்பும் ஒரு டம்ளர் சோறும். டம்ளரால் அளந்துதான் போடுகிறேன்.

கம்பெனி நாட்டுப் படகுகளுக்காக ஒன்றுவிட்டு ஒருநாள்தான் ஓடுகிறது. ஓடாத நாளில் எனக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. வாசலுக்கும் பின்வாசலுக்கும் நடக்கிறேன். மின்விசிறியைக் கழற்றிச் சுத்தம் செய்தேன். நன்றாக ஓடிக்கொண்டிருந்த விசிறி இப்போது கடகட என்கிறது. தெருவில் போலீஸ் நிற்கிறது. கடலைப் பார்க்கக்கூட விடுவதில்லை.

ஏப்ரல் 12, ஞாயிறு

காலை 149. ராத்திரி 266.

ஈஸ்டர். கிளாரா மதினி சுவருக்கு மேலாகக் கறிக்குழம்பும் ஒரு பொட்டலம் மக்ரூன் இனிப்பும் கொடுத்தார்கள். உன் அக்காவுக்கு எத்தனை தடவை சொல்வது? பொட்டலத்தை அலமாரி மேல்தட்டில் வைத்தேன். ராத்திரி நம்பரைப் பார்த்துவிட்டுக் கேட்டேன். உடனே சொல்லிவிட்டாள். "ஒண்ணே ஒண்ணு தின்னேம்ப்பா. வாயில வச்சதும் கரஞ்சிட்டு."

லேசாக அதட்டினேன். மக்ரூனை எல்லாம் கோழிக்குப் போட்டேன்.

ஏப்ரல் 14, செவ்வாய்

காலை 158.

ஊரடங்கை மே மூன்று வரை நீட்டிவிட்டார்கள். இரண்டு நாளாக வீடியோ வேண்டாம், பேசினால் போதும் என்று நான் சொன்னது நெட் சரியில்லாததால்தான். வேறு ஒன்றுமில்லை.

ஏப்ரல் 16, வியாழன்

காலை 151.

நேற்று ஐஸ் கொண்டுவரவில்லை. மத்தியானம் பெட்டியைத் திறந்தால் உள்ளே வெறும் தண்ணீர், அதில் இரண்டு குப்பியும் மிதக்கின்றன. கையை விட்டுப் பார்த்தால் குளிர்ச்சியே இல்லை. வெளியே தார் ரோடு உருகுகிற வெயில். இந்த மருந்து கெட்டுப்போனால் வேறு மருந்துக்கு எங்கே போவேன்? அவள் உயிரே அந்த இரண்டு குப்பிக்குள் இருக்கிறது. எட்டு மாதமாக அந்நியன் வீட்டில் பாத்திரம் கழுவுகிற உனக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

சாயங்காலமே கம்பெனிக்குப் போய் ஐஸ் ரூமைத் திறந்து அரை பார் கொண்டுவந்தேன். இனி விளையாட்டில்லை. இறால் ஏற்றுமதிக்குப் பெட்டி கட்டுகிற மாதிரி கட்டிவிட்டேன். ஒரு அடுக்கு ஐஸ், மேலே கை நிறையக் கல்லுப்பு, மறுபடி ஐஸ், நடுவில் மருந்து. உப்பு பட்டால் ஐஸ் சீக்கிரம் கரையும், ஆனால் குளிர் பாதாளத்துக்கு இறங்கும். கரைகிறதற்கு ஈடாகத் தினமும் கொஞ்சம் கொண்டுவந்தால் போச்சு. இதெல்லாம் எந்த டாக்டருக்குத் தெரியும்?

ஏப்ரல் 17, வெள்ளி

காலை 160. பெட்டியைத் திறந்தால் புகை வருகிறது. இனி சூரியன் வீட்டுக்குள் வந்து பாய் போட்டுப் படுத்தாலும் மருந்துக்கு ஒன்றும் ஆகாது. நிம்மதியாகத் தூங்கினேன்.

ஏப்ரல் 19, ஞாயிறு

காலை 271.

என்ன தின்றாய் என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றாள். ஒன்றுமில்லாமல் எப்படி ஏறும்?

ஏப்ரல் 20, திங்கள்

காலை 290. ராத்திரி 312.

குப்பி கல் மாதிரி இருந்தது. உள்ளங்கையில் வைத்து உருட்டினேன், கொஞ்ச நேரத்தில் இளகிவிட்டது. ஓரத்தில் வெள்ளையாகத் தூள் ஒட்டியிருந்தது. நன்றாகக் குலுக்கிவிட்டுத்தான் போட்டேன்.

மறுபடி கேட்டேன். "சத்தியமா இல்லப்பா" என்கிறாள். ஈஸ்டர் அன்றைக்குக் கேட்டதும் ஒப்புக்கொண்ட பிள்ளை இப்போது சத்தியம் பண்ணுகிறது. திருட்டு ருசி கண்டுவிட்டது என்று நினைக்கிறேன்.

ஏப்ரல் 22, புதன்

காலை 318.

இன்று கையும் களவுமாகப் பிடித்த மாதிரிதான். பாத்ரூம் வாசலில் எறும்பு. சாரி சாரியாக. சீனியை அள்ளிக்கொண்டு போய் உள்ளே உட்கார்ந்து தின்றால்தானே எறும்பு வரும்? ஒரு நாளைக்குப் பத்துத் தடவை பாத்ரூம் போகிறாள். எதற்கு என்று இப்போதுதான் எனக்குப் புரிகிறது. சீனி டப்பா, வெல்லம், அவல், எல்லாவற்றையும் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டேன்.

குணசீலன் அண்ணாச்சி கடையில் போய், "எம் பிள்ள வந்தா மிட்டாய் கிட்டாய் குடுத்திராதீங்க, திருட்டுத்தனமா திங்கா" என்று சொன்னேன். வட்டம் வட்டமாகக் கோடு போட்டு அதற்குள் ஆறேழு பேர் நின்றார்கள். அண்ணாச்சி என்னவோ சொல்ல வாயெடுத்தார். மாஸ்க்குக்குள் என்ன கேட்கிறது? கிளாரா மதினியிடமும் சொல்லிவிட்டேன். உன்னிடம் நேற்றே சொன்னேன். நீ அவளைத் திட்டியது சரிதான், ஆனால் போனை வைத்தபிறகு அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

ஏப்ரல் 24, வெள்ளி

காலை 344.

டாக்டரம்மாவை நாற்பது தடவை கூப்பிட்டுக் கடைசியில் கிடைத்தார். கொரோனா வார்டில் இருக்கிறார், மூச்சு இரைக்கப் பேசினார். "மருந்து நல்ல குளிர்ச்சில இருக்கா?" என்றார். "அதுல ஒரு குறையும் இல்ல டாக்டர்" என்றேன். "வெளிய ஏதும் சாப்பிடுறாளா?" "ஆமா டாக்டர், ஒளிச்சு வச்சுத் திங்கா." காலையில் பன்னிரண்டு, ராத்திரி எட்டாக ஏற்றச் சொன்னார். பிள்ளையை அடிக்காதீங்க என்றும் சொன்னார். நான் அடிக்கிறேன் என்று யார் சொன்னது?

ஏப்ரல் 25, சனி

காலை 351. சர்க்கரை பார்க்கிற ஸ்ட்ரிப் ஆறுதான் பாக்கி. மெடிக்கலில் வரவில்லையாம். இனி காலையில் மட்டும் பார்க்கிறேன்.

ஏப்ரல் 26, ஞாயிறு

388.

சோற்றை அரை டம்ளராக்கிவிட்டேன். "பசிக்குப்பா" என்கிறாள். எனக்கும் நெஞ்சு கேட்கவில்லை, அவள் சாப்பிட்டு முடித்தபிறகு நான் சாப்பிடாமல் எழுந்துவிட்டேன். தண்ணீர் மட்டும் குடமாகக் குடிக்கிறாள். கழுத்தெலும்பு தெரிகிறது. தின்கிறவள் உடம்பு எப்படி இளைக்கும் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. தின்பது உடம்பில் ஒட்டாத வியாதிதானே இது.

வீடு என்னை அடித்துத் துரத்துகிறது. நான்கு தடவை பெட்டியைத் திறந்து பார்த்து ஐஸ் போட்டேன், உப்பும் போட்டேன். அது ஒன்றுதான் இந்த வீட்டில் என் கைக்குள் நிற்கிறது.

ஏப்ரல் 28, செவ்வாய்

402.

சாமி படத்துக்கு முன்னால் நிறுத்திக் கேட்டேன். உண்மையைச் சொல்கிற வரைக்கும் இங்கேயே நில் என்றேன். நானும் நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது, பத்து மணிச் செய்தி முடிந்து பதினொரு மணிச் செய்தியும் வந்துவிட்டது. கடைசியில் சொன்னாள்.

"ஆமாப்பா. தின்னேன்."

"என்ன தின்ன?"

"சீனி."

"எங்கேருந்து எடுத்த? பீரோ பூட்டிக் கிடக்கே?"

கொஞ்சம் யோசித்தாள். "பூட்டுறதுக்கு முன்னாடியே எடுத்து வச்சிருந்தேன்."

"எங்க?"

நான் வீடு முழுக்கத் தேடினேன். கிடைக்கவில்லை. தின்று தீர்த்திருப்பாள். எப்படியோ ஒப்புக்கொண்டாளே, அது போதும். உனக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். இனி எல்லாம் சரியாகும்.

ஏப்ரல் 30, வியாழன்

வாந்தி. மூச்சு வாங்குகிறது. வாயில் பழம் அழுகின வாடை. மிஷினில் நம்பரே வரவில்லை, HI என்று எழுத்துதான் வருகிறது. ஐஸ் வண்டியில் கூட்டிப் போகிறேன்.

மே 2, சனி

பிழைத்துக்கொள்வாள் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். கவச உடைக்குள் அவர் முகமே தெரியவில்லை, குரலை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். உனக்கு நேற்று நான் சரியாகப் பேசவில்லை என்று கோபம். முந்தாநாள் செக்போஸ்ட்டில் வண்டியை நிறுத்தினபோது போலீஸ்காரன் காலில் விழுந்தேன். பிள்ளையை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவனே முன்னால் பைக்கில் வந்து வழி விட்டான்.

கையில் இரண்டு பக்கமும் டியூப். உடம்பில் உப்பு, தண்ணீர் எல்லாம் வற்றிவிட்டதாம்.

மருந்து சரியில்லையாம். கெட்டுப்போன மருந்து. அதை எடுத்துக்கொண்டு வேறு கொடுத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் கொடுத்த மருந்தே இந்த லட்சணம் என்றால் மனுஷன் யாரைப் போய்க் கேட்பது?

மே 5, செவ்வாய்

காலை 172. வீட்டுக்கு வந்துவிட்டோம். மருந்தை மண்பானையில் வைத்திருக்கிறேன்.

மே 7, வியாழன்

146.

கிளாரா மதினி சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, "இப்ப ஒழுங்கா இருக்காளா?" என்று கேட்டார்கள். "திருந்திட்டா மதினி" என்றேன். பெனிட்டா துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். சட்டையை உதறி, கிளிப்பை மாட்டி, அடுத்ததை எடுத்தாள்.

அவள் என்னோடு பேசுகிறாள். கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். மிக்சர் விற்கலாம் என்கிற மாதிரிப் பேச்சு மட்டும் இல்லை. உடம்பு தேறினால் வரும்.

மே 9, சனி

138.

வீடியோவில் உன்னோடு பேசினாள். நீ கையில் சோப்பு நுரையோடு எட்டிப் பார்த்தாய். "இனிமே திருட மாட்டேம்மா" என்று உன்னிடம் சொன்னாள். சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்குத் தாகமாக இருந்தது. தண்ணீர் குடிக்க உள்ளே போனேன்.

மே 10, ஞாயிறு

காலை 133.

டெல்பின், மே இரண்டாம் தேதி நான் எழுதியது பாதிதான். பொய் என்று சொல்ல முடியாது. பொய்யைவிடக் கேவலம்.

மருந்து கெட்டுப்போனது உண்மை. கெடுத்தது நான். அன்றைக்கு சிஸ்டர் மாரிக்கனி குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சுண்ணாம்பு மாதிரி வெள்ளைத் துணுக்கு கண்ணாடியில் ஒட்டியிருந்தது. "இத எங்கண்ணே வச்சிருந்தீங்க?" என்றார். எனக்கு அப்போதும் திமிர். "நல்ல குளிர்லதான் சிஸ்டர். ஐஸ்ல உப்புப் போட்டு, இறால் கணக்கா வச்சிருந்தேன்" என்றேன். சிஸ்டர் கட்டிலின் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணே, இன்சுலின் உறஞ்சுதுன்னா செத்துரும். அப்புறம் உருக்குனாலும் அதுல சத்து இருக்காது. நீங்க பச்சத் தண்ணியப் போட்டா என்ன, இதப் போட்டா என்ன? அதான் அன்னிக்கே ஃப்ரீசர்ல வைக்காதீங்கன்னு சொன்னேன்."

"அப்ப இவ திருடித் தின்னது?" என்றேன். அந்த நேரத்திலும் நான் கேட்டது அதைத்தான்.

"பிள்ள எதையும் திங்கலண்ணே. பட்டினி கெடந்தாலும் இந்த மருந்துக்கு சுகர் ஏறத்தான் செய்யும்."

பாத்ரூம் எறும்பைச் சொன்னேன். சர்க்கரை கூடினால் மூத்திரத்தில் இறங்கும், அதற்கு எறும்பு வரும் என்றார். மார்ச் மாதம் நோய் தெரிவதற்கு முன்னாலும் அதே இடத்தில் எறும்பு வந்ததாம், பெனிட்டா சொல்லியிருக்கிறாள் டாக்டரம்மாவிடம். எனக்கு அது ஞாபகமே இல்லை.

பெனிட்டா பக்கத்தில் கண்ணை மூடிக் கிடந்தாள்.

மீனைக் காப்பாற்றுகிற குளிரே மருந்தைக் கொல்லும் என்று எனக்குத் தெரியாது. அது அறியாமை, அதை மன்னித்துவிடலாம். ஆனால் தெரிந்தபிறகு எட்டு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தேனே, அதற்கு என்ன பெயர்? ஆஸ்பத்திரி மேல் போட்டேன். உன்னிடமும் அதையே சொன்னேன். "திருந்திட்டா" என்று மதினியிடம் சொன்னேன். ஐஸ்காரன் இன்னாசிக்குக் குளிரைப் பற்றித் தெரியவில்லை என்று ஊர் சிரிக்கும் என்பதற்காக என் பிள்ளை திருடியாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். நேற்று அவள் உன்னிடம் அப்படிச் சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ராத்திரி பூராவும் நடந்தேன்.

காலையில் பூசை டிவியில் ஓடியது. அது முடியட்டும் என்று காத்திருந்தேன். முடிந்ததும் பின்வாசலில் நின்று உனக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு குழாயை மூடினாய்.

"அவகிட்ட சொன்னீங்களா?"

"இல்ல. ஒங்கிட்ட மொதல்ல சொல்லணும்னு..."

"எங்கிட்ட எதுக்கு மொதல்ல? என்னையா அடிச்சீங்க?"

அடித்ததை நான் உன்னிடம் சொன்னதே இல்லை. இந்த நோட்டிலும் எழுதவில்லை. ஈஸ்டர் அன்றைக்கு ஒன்று, அப்புறம் எத்தனையோ. நீ வைத்துவிட்டாய்.

உள்ளே போனேன். பெனிட்டா தரையில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "மக்கா, அந்த மருந்து..." என்றேன்.

"தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"உப்பு போட்டது. சிஸ்டர் சொன்னதக் கேட்டேன். நான் தூங்கல."

எட்டு நாள். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து என் கையால் ஊசி போட்டுக்கொண்டு, நான் போட்ட சோற்றைத் தின்றுகொண்டு, துணி காயப் போட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள்.

"ஏன் மக்கா எங்கிட்ட கேக்கல?"

நகவெட்டியை மூடித் திறந்தாள். "நீங்க கேட்டப்ப நான் இல்லன்னு சொன்னேன். நீங்க நம்பல. நான் கேட்டு நீங்களும் இல்லன்னு சொல்லிட்டீங்கன்னா?"

வெட்டின நகத்தைக் கையால் கூட்டி எடுத்தாள்.

"அதான் நேத்து அம்மாகிட்ட அப்படிச் சொன்னேன். நீங்க, இல்ல அவ திருடலன்னு சொல்லுவீங்கன்னு பாத்தேன். நீங்க தண்ணி குடிக்கப் போயிட்டீங்க."

அழுதேன் டெல்பின். பிள்ளைக்கு முன்னால் மூக்கு ஒழுக அழுதேன். அவள் அழவில்லை. துண்டை எடுத்துக் கொடுத்தாள். "நீ திருடல. எதையும் திருடல. நாந்தான் தப்பு. அம்மாகிட்டயும் இப்பச் சொல்லிட்டேன்" என்றேன்.

"கிளாரா பெரியம்மாகிட்ட?"

"சொல்லுதேன்."

"குணசீலன் மாமாகிட்ட?"

"அவர்ட்டயும் சொல்லுதேன்."

"அன்னிக்குக் கடைல எல்லாரும் நின்னாங்கல்லா. அடுத்த நாளு நான் உப்பு வாங்கப் போனப்ப ஒரு அக்கா என்னைக் காட்டி அவங்க பிள்ளகிட்ட என்னமோ சொன்னாங்க."

அவளை உப்பு வாங்க அனுப்பியதும் நான்தான். மருந்துப் பெட்டிக்கு.

"நாளைக்குக் காலைல போயி, எல்லாரும் நிக்கும்போதே சொல்லுதேன்" என்றேன்.

"இன்னிக்கு?"

"இன்னிக்கு ஒரு மணியோட கட மூடிருவாங்க மக்கா."

அவள் நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டு இருபது.

மாஸ்க்கை எடுத்து மாட்டினேன். அவளும் தன் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு எனக்கு முன்னால் வாசலில் போய் நின்றாள். வெயிலாக இருக்கிறது, நீ வீட்டிலேயே இரு என்று சொல்லிப் பார்த்தேன்.

"இல்ல. நீங்க சொல்லுதத நான் கேக்கணும்" என்றாள்.